காய்கறி இலையில் வழுக்கிய வழக்கு: நாடுகளின் தனியார் சட்டங்களை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

1963 நவம்பர். ஜெர்மனியில் ஒரு சிறிய சுயசேவைக் கடை. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தாயோடு வந்திருக்கிறாள். தாய் கல்லாவில் நிற்க, வாங்கிய பொருள்களைப் பையில் எடுத்து வைக்கலாம் என்று மகள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு போகிறாள். தரையில் கிடந்த காய்கறி இலையில் கால் வழுக்கி விழுகிறாள். முழங்காலில் அடி. வழக்கு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வரை போய் 1976-ல் தீர்ப்பு வந்தது: கடைக்குப் பொறுப்பு உண்டு, ஒப்பந்தச் சட்டத்தின்படி.

அதே 1976-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத் தீர்த்தது. ஒரு வாடிக்கையாளர் கடைத்தரையில் சிந்திக்கிடந்த தயிரில் வழுக்கி விழுந்தார். ‘வார்டு எதிர் டெஸ்கோ’ என்ற அந்த வழக்கிலும் கடைக்குப் பொறுப்பு உண்டு என்றுதான் முடிவு. ஆனால் அங்கே ஒப்பந்தம் என்ற பேச்சே எழவில்லை. கவனக்குறைவு, அதாவது ஒப்பந்தம் இல்லாமலே பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு கேட்க உதவும் தீங்கியல் சட்டம் (டார்ட்), அவ்வளவுதான்.

தனியார் சட்ட ஒப்பீட்டைக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் வைப்பது இந்த இரண்டு தீர்ப்புகளைத்தான். விழுந்தது ஒரே மாதிரி, விடையும் ஒன்று, சட்டம் மட்டும் வேறு. “ஜெர்மனியில் ஒப்பந்த மீறல், இங்கிலாந்தில் கவனக்குறைவு” என்று எழுதி நிறுத்திவிட்டால் அது விவரப் பட்டியல்தான், ஒப்பீடு ஆகாது. ஜெர்மன் நீதிபதிகள் ஏன் அவ்வளவு சுற்றி வந்தார்கள் என்று கேட்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

தொடங்குமுன் சொற்களில் ஒரு தெளிவு

தமிழில் இந்தத் துறையைப் படிப்பவரை முதலில் தடுக்கி விழவைப்பது ‘சிவில் சட்டம்’ என்ற சொல். குற்றவியல் அல்லாத எல்லாவற்றையும் நாம் சிவில் என்கிறோம். ஒப்பீட்டு நூல்களிலோ அதே சொல் ரோமானியச் சட்ட மரபில் வந்த, சட்டத்தொகுப்பை நடுவில் வைத்த நாடுகளைக் குறிக்கும்: பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் போன்றவை. இந்த வழிகாட்டியில் அவற்றைத் ‘தொகுப்புச் சட்ட நாடுகள்’ என்றும், இங்கிலாந்து வழியில் வந்தவற்றைப் ‘பொதுச்சட்ட நாடுகள்’ என்றும் சொல்கிறேன். ஒப்பந்தம், தீங்கு, சொத்து, குடும்பம், வாரிசுரிமை என்று தனி மனிதர்களுக்கிடையே உள்ள உறவை ஆளும் சட்டம் ‘தனியார் சட்டம்’.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இரு நாடுகளைத் தொடும் வழக்கில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று முடிவு செய்வது சர்வதேசத் தனியார் சட்டம். அது வேறு துறை. நாம் செய்யப்போவது, ஒரே வாழ்க்கைச் சிக்கலை வெவ்வேறு நாட்டுச் சட்டங்கள் எப்படித் தீர்க்கின்றன, ஏன் அப்படித் தீர்க்கின்றன என்று பார்ப்பது.

படி 1: கேள்வியைச் சட்டச் சொல் இல்லாமல் எழுதுங்கள்

“ஜெர்மன் சட்டத்தில் மறுபயன் கோட்பாடு எப்படி உள்ளது?” என்று கேட்டால் “இல்லை” என்ற ஒரே சொல்லில் விடை முடிந்துவிடும். பொதுச்சட்ட நாடுகளில், வாக்குறுதி செல்லுபடியாக எதிர்த்தரப்பும் ஏதாவது தந்திருக்க வேண்டும். அந்தக் கோட்பாட்டுக்குத்தான் மறுபயன் என்று பெயர். ஜெர்மனியில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுவா?

இப்படி மாற்றிக் கேளுங்கள்: “ஒருவர் இன்னொருவருக்கு இலவசமாகப் பெருந்தொகை தருவதாக வாக்களித்தார், பிறகு மனம் மாறினார். வாக்குப் பெற்றவர் நீதிமன்றம் போக முடியுமா?” இங்கிலாந்தில் வெறும் வாக்குறுதி போதாது, முறைப்படி எழுதிய பத்திரம் வேண்டும். ஜெர்மன் சட்டத்தொகுப்பின் 518-ஆம் பிரிவு நோட்டரி முன் பதிவைக் கேட்கிறது. பிரான்ஸின் 931-ஆம் பிரிவும் நோட்டரி பத்திரத்தைக் கேட்கிறது. மூன்று நாடுகளுக்கும் ஒரே கவலை: பேச்சுவாக்கில் சொன்னதையும் யோசித்துச் சொன்னதையும் எப்படிப் பிரிப்பது? கேள்வியைச் சட்டச் சொல்லில் கேட்டிருந்தால் இந்தப் பொதுக்கவலை கண்ணிலேயே பட்டிருக்காது.

எர்ன்ஸ்ட் ராபெல் என்ற ஜெர்மன் அறிஞரின் வழியில் வளர்ந்த இந்த அணுகுமுறைக்குச் ‘செயல்பாட்டு முறை’ என்று பெயர். விதிகளைப் பெயர் பார்த்து ஒப்பிடுவதில்லை; அவை செய்யும் வேலையைப் பார்த்து ஒப்பிடுகிறோம். இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. ஒவ்வொரு சட்டமும் ஒரு சமூகத்தின் சிந்தனை, அதை வெறும் கருவியாகப் பார்க்கக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். குடும்பச் சட்டத்தில் அவர்கள் சொல்வதில் மிகுந்த நியாயம் இருக்கிறது. திருமணம் என்பது என்ன ‘வேலை’ செய்கிறது என்று ஒரே வரியில் யாராலும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்திலும் தீங்கியலிலும் செயல்பாட்டு முறைதான் புதியவருக்கு உறுதியான பிடிமானம் என்பது என் கருத்து.

படி 2: எந்த நாடுகள், ஏன்?

இரண்டு அல்லது மூன்று போதும். ஏழு நாட்டு ஒப்பீடுகள் பெரும்பாலும் ஏழு சிறு குறிப்புகளாகத்தான் முடிகின்றன.

ஏன் இந்த நாடு என்பதற்கு ஒரு வரியாவது காரணம் எழுதிக்கொள்ளுங்கள். மொழி தெரியும் என்பதும் நேர்மையான காரணம்தான். கவனிக்க வேண்டியது கடன்வாங்கிய சட்டங்களை. துருக்கி 1926-ல் சுவிட்சர்லாந்தின் சட்டத்தொகுப்பைத் தழுவியது. ஆகவே “சுவிஸ் சட்டமும் துருக்கிச் சட்டமும் ஒத்துப்போகின்றன, எனவே இது பொதுவான நெறி” என்று எழுதினால், ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியதாகத்தான் அர்த்தம். கடன்வாங்கிய சட்டம் புது மண்ணில் எப்படி மாறியது என்பதே கேள்வியானால், அதே இணை அருமையான தேர்வு.

குவிபெக், லூசியானா, ஸ்காட்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற கலப்பு அமைப்புகளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு மரபுகளும் ஒரே நீதிமன்றத்தில் உரசுவதை வேறெங்கும் இவ்வளவு அருகில் பார்க்க முடியாது.

படி 3: அந்த நாட்டுக்காரர்போல் விடை தேடுங்கள்

நேரம் அதிகம் கேட்கும் படி இது. சட்டப் பிரிவைப் படித்ததும் விடை கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இத்தாலிய அறிஞர் ரொடால்ஃபோ சாக்கோ காட்டியது இதைத்தான்: ஒரு நாட்டின் ‘சட்டம்’ ஒற்றைக் குரல் அல்ல. சட்டமன்றம் எழுதியது ஒன்று, நீதிமன்றம் செய்வது ஒன்று, பேராசிரியர்கள் விளக்குவது இன்னொன்று. மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பிரான்ஸின் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1804-ன் சட்டத்தொகுப்பில் 1384-ஆம் பிரிவு, ஒருவர் தன் பொறுப்பில் உள்ள பொருள்களால் நேரும் சேதத்துக்கும் பொறுப்பு என்கிறது. எழுதியவர்கள் அதைப் பின்வரும் விதிகளுக்கு ஒரு முன்னுரையாகவே நினைத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அது தூங்கிக்கிடந்தது. தொழிற்சாலைகளும் இயந்திரங்களும் பெருகி, யாருடைய தவறு என்று நிரூபிக்க முடியாத விபத்துகள் குவிந்தன. 1896-ல் இழுவைப் படகு ஒன்றின் கொதிகலன் வெடித்து ஒருவர் இறந்த தெஃபேன் வழக்கில், பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான காசேஷன் நீதிமன்றம் அந்த வாக்கியத்தைத் தட்டி எழுப்பியது. 1930-ல் ழாந்தேர் என்ற வாகன விபத்து வழக்கில் அது முழு விதியாகவே நிலைபெற்றது: பொருளைத் தன் காவலில் வைத்திருப்பவர், தன்மேல் தவறில்லை என்று காட்டி மட்டும் தப்ப முடியாது. இத்தனைக்கும் அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இதே வாக்கியம் பெல்ஜியத்துக்கும் போயிற்று. அவர்களுடையதும் நெப்போலியன் காலத்தில் வந்த அதே 1804 தொகுப்பு. பெல்ஜிய நீதிமன்றங்களோ, பொருளில் ஏதேனும் குறைபாடு இருந்தால்தான் பொறுப்பு என்று படித்தன. ஒரே வாக்கியம் இரண்டு நாடுகளில் இரண்டு சட்டம் ஆனது. உரையை மட்டும் படித்தவர் இரண்டும் ஒன்றுதான் என்று துணிந்து எழுதியிருப்பார்.

ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று குறிப்புகளைத் தனித்தனியாக எடுங்கள்: உரை என்ன சொல்கிறது, நீதிமன்றம் என்ன செய்கிறது, நூல்கள் எப்படி விளக்குகின்றன. தீர்ப்பைப் படிக்கும் பழக்கமும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் நீதிபதிகள் தனித்தனியாக நீண்ட காரணம் எழுதுவார்கள்; கருத்து வேறுபாடும் வெளிப்படையாக இருக்கும். பிரான்ஸின் காசேஷன் தீர்ப்புகள் நெடுங்காலம் ஓரிரு பக்கத்துக்குள் அடங்கின. சுருக்கமாக இருப்பதால் அங்கே சிந்தனை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அது தீர்ப்பின் மேல் அறிஞர்கள் எழுதும் குறிப்புரைகளில் இருக்கும்.

இப்போது காய்கறி இலைக்குத் திரும்புவோம். ஜெர்மன் நீதிபதிகள் ஏன் ஒப்பந்தத்தைத் தேடிப் போனார்கள்? அந்தப் பெண் வழக்குத் தொடுத்தபோது தீங்கியல் கோரிக்கைக்கான மூன்று ஆண்டுக் கெடு கடந்துவிட்டது. ஒப்பந்தக் கோரிக்கைக்கு அன்று முப்பது ஆண்டுக் கெடு இருந்தது. இதற்கடியில் இன்னொரு பழைய குறையும் உண்டு. சட்டத்தொகுப்பின் 831-ஆம் பிரிவின்படி, பணியாளரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து மேற்பார்வை செய்ததாக நிரூபித்தால் முதலாளி தீங்கியல் பொறுப்பிலிருந்து தப்பலாம். ஒப்பந்த உறவில் 278-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. உதவியாளரின் தவறு முதலாளியின் தவறாகவே கணக்கில் வரும். ஆகவே பொருள் வாங்க உள்ளே வந்தவுடனே, ஒப்பந்தம் முடியுமுன்பே, கடைக்குக் காக்கும் கடமை பிறக்கிறது என்று நீதிமன்றங்கள் ஏற்றன. 1861-ல் ஜெர்மன் சட்ட அறிஞர் யேரிங் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த கோட்பாடு இது. இங்கே வாங்க வந்தவர் தாய்தானே, மகளுக்கு என்ன உறவு? அந்தக் காக்கும் வளையத்துக்குள் கூட வந்தவரும் அடங்குவார் என்று 1976 தீர்ப்பு சொன்னது.

இங்கிலாந்தில் இந்தச் சுற்றுக்குத் தேவையே இல்லை. பணியாளர் வேலையில் செய்த தவறுக்கு முதலாளி தப்பிக்க வழியின்றிப் பொறுப்பு. ஒப்பந்த வழியில் போக நினைத்தாலும், அன்று தரப்பினர் அல்லாதவருக்கு ஒப்பந்தத்தில் உரிமை இல்லை. அந்தக் கதவு ஓரளவு திறந்தது 1999-ன் சட்டத்தால்தான். ஒரு நாட்டில் அடைபட்ட வாசல் இன்னொரு நாட்டில் திறந்திருக்கிறது. ஆனால் மக்கள் போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய ஒன்று.

படி 4: தேதியைப் பாருங்கள்

சிறிய படி, ஆனால் இதில் கோட்டைவிட்டால் மீதி எல்லாம் வீண். ஜெர்மனியின் கடப்பாட்டுச் சட்டம் (ஒப்பந்தம், தீங்கு போன்றவற்றால் ஒருவருக்கு இன்னொருவர்மேல் பிறக்கும் கடமைகளை ஆளுவது) 2002-ல் பெரிதாகத் திருத்தப்பட்டது. பொதுவான காலக்கெடு மூன்று ஆண்டாயிற்று. காய்கறி இலை வழக்கைத் தீர்மானித்த கெடு வித்தியாசம் அன்றோடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. பிரான்ஸில் ஒப்பந்தச் சட்டம் 2016 அக்டோபர் 1 முதல் புதிது. தவறால் நேரும் சேதத்துக்குப் பொறுப்பாக்கும் பழைய 1382-ஆம் பிரிவு இன்று 1240. மேலே சொன்ன 1384 இன்று 1242. பழைய நூலில் உள்ள எண்ணோடு புதிய உரையைத் தேடினால் சம்பந்தமே இல்லாத பிரிவில் போய் நிற்பீர்கள். இந்தத் தவற்றில் நானும் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். குறிப்பேட்டில் ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் எந்த ஆண்டு நிலவரம் என்று எழுதுங்கள்.

படி 5: மொழிபெயர்க்காமல் விட வேண்டியவை

‘ஒப்பந்தம்’ என்ற சொல்லே நாட்டுக்கு நாடு வேறு எல்லை கொண்டது. பிரான்ஸில் தானம் கொடுப்பதும் ஒப்பந்தம். பொதுச்சட்ட நாட்டவருக்கு அது ஒப்பந்தமாகவே தோன்றாது. ‘அறக்கட்டளை’ என்று நாம் எளிதாகப் பெயர்க்கும் ஆங்கிலேய டிரஸ்டில், ஒரே சொத்தில் ஒருவருக்குச் சட்டப்படி உரிமையும் இன்னொருவருக்குப் பயன் உரிமையும் இருக்கும். உரிமையைப் பிளக்கக் கூடாது என்ற ஜெர்மன், பிரெஞ்சு சிந்தனைக்கு இது அந்நியம். பிரான்ஸ் 2007-ல் டிரஸ்டை ஓரளவு ஒத்த ‘ஃபிதூசி’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதை டிரஸ்ட் என்றே பெயர்த்துவிட்டால், எதைக் கடன் வாங்கினார்கள், எதை வாங்க மறுத்தார்கள் என்பது மறைந்துவிடும். இத்தகைய சொற்களை மூல ஒலியிலேயே தமிழ் எழுத்தில் எழுதி, முதல்முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். பிறகு அதையே விடாமல் பயன்படுத்துங்கள்.

படி 6: ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி. இரண்டு சட்டங்கள் ஒன்றுபோல் தெரிந்தால், உண்மை விவரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எங்கே பிரிகின்றன என்பது தானாகத் தெரியும்.

தோண்டும் பணியில் ஒருவர் கவனமின்றி மின்கம்பியை அறுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஸ்பார்ட்டன் ஸ்டீல் வழக்கில் இதுதான் நடந்தது. ஆலையில் பதினான்கரை மணி நேரம் மின்சாரம் இல்லை. உலையில் இருந்த உலோகம் கெட்டு 368 பவுண்டு நஷ்டம். அதை விற்றிருந்தால் வந்திருக்கும் 400 பவுண்டு லாபமும் போயிற்று. மின்சாரம் இருந்திருந்தால் இன்னும் நான்கு முறை உருக்கியிருக்கலாம்; அந்த லாபம் 1,767 பவுண்டு. 1972-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் இரண்டையும் கொடுத்தது, மூன்றாவதை மறுத்தது. கெட்டுப்போன உலோகம் பொருள் சேதம், அதோடு ஒட்டிய லாபமும் கிடைக்கும். உருக்கப்படாமலே போன நான்கு முறைக்கான லாபம் வெறும் பண நஷ்டம், அது கிடையாது.

ஜெர்மனிக்குப் போவோம். 823-ஆம் பிரிவின் முதல் பத்தி உயிர், உடல், நலம், சுதந்திரம், சொத்து போன்ற குறிப்பிட்ட உரிமைகளைத்தான் காக்கிறது. வெறும் பண நஷ்டம் அந்தப் பட்டியலில் இல்லை. 1964-ல் வெட்டிய மரம் மின்கம்பிமேல் விழுந்து, பண்ணையின் பொரிப்பகத்தில் இருந்த முட்டைகள் கெட்டன. முட்டை சொத்து, ஆகவே நஷ்டஈடு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். ஆலை வெறுமனே நின்றிருந்தால் இந்த வழி கிடைத்திருக்காது. ஆக, இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கோடு போடுகின்றன.

பிரான்ஸின் 1240-ஆம் பிரிவு, தவறு, சேதம், இரண்டுக்கும் தொடர்பு என்று மூன்றைத்தான் கேட்கிறது. எந்த வகைச் சேதம் என்று பட்டியல் போடுவதில்லை. 1970-ல் புல்டோசர் எரிவாயுக் குழாயை உடைத்து ஆலை நின்ற வழக்கில், உற்பத்தி இழப்புக்கே ஈடு கிடைத்தது. அப்படியானால் பிரான்ஸ் எல்லையே இல்லாமல் கொடுக்கிறதா? இல்லை. சேதம் நேரடியானதா, உறுதியானதா என்ற கேள்வியில் நீதிபதி வடிகட்டலாம். மற்ற இரு நாடுகளும் வாசலிலேயே செய்வதை, பிரான்ஸ் காரணத் தொடர்பு என்ற உள் அறையில் செய்கிறது. உங்கள் ஒப்பீட்டில் எழுத வேண்டியது இந்த இடமாற்றத்தைத்தான்.

படி 7: தனியார் சட்டத்துக்கு வெளியேயும் எட்டிப் பாருங்கள்

வழுக்கி விழுந்தவரை நியூசிலாந்துக்குக் கூட்டிப்போனால் மேலே எழுதிய எதுவும் உதவாது. 1974 முதல் அங்கே விபத்துக் காயத்துக்கு அரசு இழப்பீட்டுத் திட்டம் உள்ளது. யார் தவறு என்ற கேள்வி இல்லை. காயத்துக்கு நஷ்டஈடு கேட்டுக் கடைமேல் வழக்குப் போடவும் பொதுவாக முடியாது. தீங்கியல் நூலை மட்டும் புரட்டினால் “அங்கே உரிமை இல்லை” என்று தவறாக முடித்திருப்பீர்கள். காப்பீடு, சமூகப் பாதுகாப்பு, வழக்குச் செலவை யார் ஏற்பது, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது — இந்த நான்கையும் எப்போதும் ஒரு முறை சரிபாருங்கள். தயிர் வழக்கிலேயே திருப்புமுனை நிரூபிப்பில்தான் இருந்தது. தரையில் தயிர் எப்படி வந்தது, எவ்வளவு நேரம் கிடந்தது என்று விழுந்தவர் காட்ட வேண்டியதில்லை, கவனமாகவே இருந்தோம் என்று கடைதான் விளக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள்.

படி 8: வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லுங்கள், அடக்கத்தோடு

“ஜெர்மானியர் ஒழுங்கை விரும்புபவர்கள், ஆங்கிலேயர் நடைமுறைவாதிகள்” என்ற மாதிரி விளக்கங்களை அடித்துவிடுங்கள். காரணத்தை முதலில் சட்டத்துக்குள்ளேயே தேடுங்கள். 831-ஆம் பிரிவு தந்த தப்பிக்கும் வழிதான் ஜெர்மன் ஒப்பந்தச் சட்டத்தை வீங்கவைத்த காரணங்களில் ஒன்று. அது ஆவணத்தில் காட்டக்கூடிய காரணம். பிறகு வரலாற்றுக்குப் போங்கள். 1560, 1567 ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் குறித்த பாசனக் கட்டணத்தை, முந்நூறு ஆண்டு கழித்துக் கட்டணம் செல்லாக்காசாகிவிட்ட பிறகும், உயர்த்த மறுத்தது பிரெஞ்சு காசேஷன் நீதிமன்றம். 1876-ன் கிராப்போன் கால்வாய் வழக்கு அது. ஜெர்மன் நீதிமன்றமோ, பணம் மதிப்பிழந்து நொறுங்கிய 1923-ல், நன்னம்பிக்கை பேசும் 242-ஆம் பிரிவைக் கொண்டு கடனை மறுமதிப்பிட்டது. பிரான்ஸ் தன் விதியை மாற்ற 2016-ன் 1195-ஆம் பிரிவு வர வேண்டியிருந்தது. பணவீக்கம் ஒரு நாட்டின் ஒப்பந்தச் சட்டத்தை எப்படி வளைத்தது என்பதை இங்கே ஆண்டோடு காட்ட முடிகிறது.

படி 9: எழுதும்போது

நாடுவாரியாக எழுதாதீர்கள். “அத்தியாயம் 2: பிரான்ஸ், அத்தியாயம் 3: ஜெர்மனி” என்று போனால் ஒப்பிடும் வேலை வாசகர் தலையில் விழும். சிக்கலை உடைத்து ஒவ்வொரு துண்டிலும் எல்லா நாடுகளையும் பக்கத்தில் வையுங்கள்: பொறுப்பு எதிலிருந்து பிறக்கிறது, யார் நிரூபிக்க வேண்டும், பணியாளர் செய்தால் என்ன, கூட வந்தவருக்கு உண்டா, கெடு எவ்வளவு.

எது சிறந்த தீர்வு என்று சொல்ல விரும்பினால் தனிப் பகுதியாகச் சொல்லுங்கள். எந்த அளவுகோலால் என்பதையும் சொல்லுங்கள். காயம்பட்டவருக்கு விரைவாகப் பணம் கிடைப்பதுதான் அளவுகோல் என்றால் ஒரு விடை, கடைக்காரர் தன் பொறுப்பை முன்கூட்டியே கணக்கிட முடிவது என்றால் வேறு விடை.

முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் முடிவைக் காட்டாமல், உண்மை விவரங்களை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டம் படித்த ஒருவரிடம் கொடுத்து, “உங்கள் ஊரில் இதற்கு என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். அவர் உங்கள் விடைக்கே வேறு வழியில் வந்தால், அந்த வழியைக் குறித்துக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். வேறு விடைக்கு வந்தால் முதலில் சரிபார்க்க வேண்டியது தேதியை.